கல்லூரிக்கு வாசித்த ஓலை

புளித்த மாவுப் பசையின் வாசனை. அவ்வளவுதான். போன வாரம் பாண்டி பஜாரில் ஒருவன் வாளியில் மட்டையை முக்கிச் சுவரில் இழுத்து, சினிமா நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. யுத்தகாலத்தில் எங்கள் கல்லூரி ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். வெயில் ஏற ஏற, காகிதத்துக்குப் பின்னாலிருந்து இதே வாசனை ஊறி வரும். பட்டப்பகலில் இருட்டாயிருந்த அந்த அறையில் உட்கார்ந்துதான் நாங்கள் ஒரு தலைவரைத் தேடினோம். தேடினோம் என்பதைவிட, வந்தவர்களையெல்லாம் தொலைத்தோம் என்பதே சரி.

சர்வேசுரன் எனக்குச் செய்த உபகாரத்தை எழுதிப் பகிர்ந்துகொள்ளும்படி என் மனைவி ரோசம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் கை வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மயிலாப்பூரில், கடற்காற்று நேராக வந்து மோதும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. நான் அங்கே தமிழ்ப் பண்டிதன். பிரின்ஸிபாலாக இருந்த இத்தாலியச் சாமியாரை, எதிரி தேசத்தவர் என்று சொல்லி முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதன்பின் தற்காலிகம், பொறுப்பு என்று ஏதேதோ பெயரில் வருஷங்களைத் தள்ளினோம். நாற்பத்துமூன்றாம் ஆண்டு பிறந்ததும் யூனிவர்சிட்டியிலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தகுதியுள்ள நிரந்தர பிரின்ஸிபாலை நியமித்தால்தான் ஜூன் மாதத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் கிடையாது.

சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? குப்பத்துப் பிள்ளைகள், பங்களாச் சமையற்காரர்களின் பிள்ளைகள், எங்களை விட்டால் வேறெந்தக் காலேஜும் உள்ளே விடாத பிள்ளைகள், அவர்களுக்குக் கதவு அடைபடும். ஒரு வருஷம் அடைத்த கதவு மறு வருஷம் திறக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. அந்த வகுப்பறைகளில்தான் எனக்குத் தலை நரைத்தது.

ஆள் தேடுவதற்கு ஒரு கமிட்டி. ரிட்டயர்டான சப்-ஜட்ஜ் தேவசகாயம் ஐயா அதற்குத் தலைவர். எங்கள் பங்குச் சாமியார் ஓர் அங்கத்தினர். மற்ற பெரிய மனிதர்கள் ஜட்ஜய்யாவின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் காரியதரிசி. அதாவது கடிதம் எழுதுவேன், நாற்காலி போடுவேன். ஓட்டுக் கிடையாது.

செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் பீடத்தின் முன் முழங்காலிட்டேன். காணாமல்போன சாவியையும் மாட்டையும் கண்டுபிடித்துத் தருகிற புனிதர், இல்லாத ஒரு மனிதனையும் கண்டுபிடித்துத் தரமாட்டாரா?

முதலில் மங்களூரிலிருந்து ஒரு குருவானவர் வருவதாக ஒப்புக்கொண்டார். அவருடைய மடத்துப் பெரியவர் விடமாட்டேன் என்றார். அடுத்து திருச்சியிலிருந்து ஒரு டாக்டர் பட்டக்காரர். அவரை வரவேற்க மாலையும் கையுமாக எழும்பூர் ஸ்டேஷனில் நின்றேன். ரயில் வந்தது, ஜனங்கள் இறங்கினார்கள், கூலிகள் ஓடினார்கள், பிளாட்பாரம் காலியாயிற்று. அவர் வரவில்லை. தந்திதான் வந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று அவர் மனைவி அழுகிறாளாம்.

வாடிய மாலையோடு வீடு திரும்பினேன். ரோசம்மாள் பார்த்தாள்.

"அத இப்படிக் குடுங்க, என் கழுத்துலயாவது போட்டுக்குறேன். குண்டு விழுந்தாலும் நான் எங்கியும் ஓடிப்போவ மாட்டேன்."

சிரிக்கவேண்டும் போலிருந்தது. வரவில்லை. தவக்காலம் பாதி கழிந்திருந்தது.

அப்போதுதான் பேராசிரியர் சவரிமுத்து வந்தார். கணித மேதை. வடக்கே ஒரு கல்லூரியில் உபதலைவராக இருந்தவர். விடுமுறைக்குத் தியாகராய நகரில் தமக்கை வீட்டுக்கு வந்திருந்தார். நான் எழுதிய விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்து நின்றார். அவருடைய சான்றிதழ்களைப் படிக்கப் படிக்க, இவர்தான், இவர்தான் என்று உள்ளே மணி அடித்தது.

கறுப்புக் காகித அறையில் கமிட்டி கூடியது. ஜட்ஜய்யா சான்றிதழ்களை மூடி வைத்தார்.

"ரொம்ப நல்லது. எந்தப் பங்கு நீங்க?"

இதை வாசிக்கிற நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பங்கைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும்; கோயிலுக்குள்ளும் ஜாதிக்கு ஒரு பக்கம். சவரிமுத்து தெற்கத்திக் கிராமப் பங்கு ஒன்றைச் சொன்னார்.

"அந்தக் கோயில் எனக்குத் தெரியுமே. சிலுவை மாதிரி கட்டியிருக்கும். அதுல நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இடம் இருக்குற பக்கம் உக்காருவேன் ஐயா."

யாரோ இருமினார்கள். ஜட்ஜய்யா சிரித்தார். மெழுகில் செய்த சிரிப்பு.

"சரி. தெரிவிக்கிறோம்."

அவர் படியிறங்கிப் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. "ஐயா, இவரை விட்டா நமக்கு வேற..."

"பண்டிதர் மினிட்ஸ் எழுதினா போதும்," என்றார் ஜட்ஜய்யா. "எனக்கு ஒண்ணுமில்லை ஓய். நம்ம ஜனங்க ஏத்துக்கமாட்டாங்க."

நம்ம ஜனங்கள் யார்? அங்கத்தினர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தேன். ராயப்பேட்டையில் ஒருவர், அடையாற்றில் ஒருவர். எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "எனக்கு ஆட்சேபணையே இல்லை பண்டிதரே. ஆனா மத்தவங்க இருக்காங்களே." அந்த மற்றவர்களிடம் போனால் அவர்களும் வேறு மற்றவர்களைக் காட்டினார்கள். பல்லியின் அறுந்த வால் மாதிரி துள்ளியது அந்த ஆட்சேபணை. உடம்பு எங்கே என்று தெரியவில்லை. எவரும் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அது எங்களை ஆண்டது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, இரவு ஆராதனைக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். செபிக்கவில்லை. சண்டை போட்டேன். வாய்விட்டே சண்டை போட்டேன்.

'ஆண்டவரே, நீர் ஆள் அனுப்பவில்லை என்று இத்தனை நாள் முணுமுணுத்தேன். அனுப்பினீர். வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினீர். நாங்கள் எந்தப் பக்கம் உட்காருவாய் என்று கேட்டு அனுப்பிவிட்டோம். இனி நான் எதைக் கேட்பது? இன்னொரு ஆளையா? அவனையும் இப்படித்தான் அனுப்புவார்கள். எனக்கு ஆள் வேண்டாம். இந்த மனிதர்களின் வாயைத் திறந்துவிடும். அல்லது ஒரேயடியாக மூடிவிடும்.'

மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்து அணைந்தது. எனக்கு ஆத்திரம்தான் மிச்சம்.

ஈஸ்டர் அந்த வருஷம் மிகவும் தள்ளி வந்தது. தவக்காலம் முடிந்ததால் கல்யாணங்கள் குவிந்தன. ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசித்தார். இன்னார் மகன் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம் நடக்கப்போகிறது. யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடவார்கள். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன வார்த்தைகள். அன்று அவை தூண்டில்முள்ளாக என் தொண்டையில் மாட்டின. அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவார்கள். தெரிவிக்கட்டுமே! எல்லோர் முன்னிலையிலும், சத்தமாக!

பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னாலிருந்த சக்கிறீஸ்து அறைக்குள் ஓடினேன். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சவரிமுத்துவுக்கும் இப்படி ஓலை வாசிக்கவேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"உமக்கு வெயில் தலைக்கேறிடுச்சா பண்டிதரே? ஓலை விவாகத்துக்கய்யா."

"அவரும் காலேஜைக் கட்டிக்கிட்டு அழப்போறவர்தானே சாமி?"

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நின்றார். பூசை உடுப்பை மெதுவாக மடித்தார். அந்த அறையில் அவரும்தானே வாயை மூடி உட்கார்ந்திருந்தார்?

"ஓலைன்னு சொல்லமாட்டேன். அறிக்கைன்னு வாசிக்கிறேன். ஆனா முறை தப்பாம மூணு ஞாயிறு. சொல்றவன் எங்கிட்ட ரகசியமா வந்து சொல்லக்கூடாது. எழுந்து நின்னு சொல்லணும்."

முதல் ஞாயிறு வாசித்தார். பேராசிரியர் சவரிமுத்து அவர்களை நமது கல்லூரிக்குத் தலைவராக நியமிக்க உத்தேசம், தடை அறிந்தவர்கள் இங்கேயே எழுந்து சொல்லலாம். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் சலசலத்தது.

"இன்னாடி, யாருக்குக் கல்யாணம்?"

"காலேஜுக்காம்!"

"ஐயே, பொண்ணு எம்மாம் வயசாச்சு, இப்பத்தான் மாப்பிள்ள கெடச்சுதா?"

"நீ வேற. சாமி மொறைக்கிறாரு, சும்மா இரு."

அன்று யாரும் எழவில்லை. இரண்டாம் ஞாயிறும் எழவில்லை. அன்று மாலை ஜட்ஜய்யா கைத்தடியைத் தரையில் குத்திக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கோயிலைக் கோர்ட்டு ஆக்கிட்டீரே ஓய்!"

"உங்களுக்குத் தெரியாத கோர்ட்டா ஐயா? ஆட்சேபணை இருக்கிறவங்க கூண்டுல ஏறிச் சொல்லட்டுமே."

"வர்ற ஞாயிறு பாரும்," என்றார். போய்விட்டார்.

அந்த வாரம் முழுதும் எனக்கு இதே நினைப்புத்தான். அவர் எழுந்து சொல்லிவிட்டால்? அவர் பின்னால் நூறு பேர் எழுந்தால்? நானே கேட்டு வாங்கிய வினை. திறந்துவிடும் என்று செபித்தவன் நான்தானே.

மூன்றாம் ஞாயிறு. கோயிலில் நிற்க இடமில்லை. சாமியார் வாசித்து முடித்தார். முன்வரிசை நாற்காலியிலிருந்து ஜட்ஜய்யா எழுந்தார். அத்தனை தலைகளும் திரும்பின. கைக்குழந்தை ஒன்று அழுதது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். ஜட்ஜய்யாவின் உதடு பிரிந்தது. இருட்டறையில் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தைகள், பீடத்துக்கு முன்னால், நற்கருணைப் பேழைக்கு முன்னால் வரவில்லை. அவர் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். எனக்கே அவர்மேல் இரக்கம் பிறந்தது.

"சாமி," என்றார் கடைசியில். "பின்னால நிக்கிறவங்களுக்குச் சரியாக் கேக்கலை. இன்னொரு தரம், சத்தமா வாசிங்க."

சாமியார் சத்தமாக வாசித்தார். ஜட்ஜய்யா நின்றபடியே கேட்டார். உட்கார்ந்தார். வாசலில் என்னைக் கடக்கும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மினிட்ஸைக் கொண்டுவாரும். கையெழுத்துப் போடறேன்."

நான் பறந்தேன். அன்று மாலையே தியாகராய நகரில் சவரிமுத்துவின் தமக்கை வீட்டுக் கதவைத் தட்டினேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் வடக்கே பயணம். மூன்று ஞாயிறு கதையைக் கொட்டித் தீர்த்தேன். அவர் மடித்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மூணு ஓலையும் வாசிச்சாச்சு?"

"ஆச்சு."

"மாப்பிள்ளைகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஊரையே கேட்டோம். இவரைக் கேட்கவில்லை! அடுப்படியிலிருந்து தமக்கை எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட வாயத் தொறக்கலையா?"

"இல்லம்மா."

"வாயத் தொறக்கலைன்னா மனசுல இல்லைன்னு ஆயிடுமா பண்டிதரே?" என்றார் சவரிமுத்து.

"ஆகாது."

"அப்புறம்?"

"ஆனா இனிமே தொறக்கமுடியாதுங்க. தொறக்கவேண்டிய இடத்துல தொறக்கலையே."

அவர் கையிலிருந்த வேட்டியைப் பெட்டியின்மேல் போட்டார். பிறகு சொன்னார். "காலேஜ்ல பிள்ளைகளைச் சேர்க்கும்போது எந்தப் பங்குன்னு எவரும் கேக்கக்கூடாது. ஜட்ஜும் கேக்கக்கூடாது, நீங்களும் கேக்கக்கூடாது."

கேட்கமாட்டோம் என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னை பஸ் ஏற்றிவிட வந்தார்.

சகோதரரே, சகோதரிகளே, நான் கண்டதை நான் சொல்லுகிறேன். நான் ஆளைக் கேட்டபோது சர்வேசுரன் ஆளைத் தந்தார். வழியைக் கேட்டபோது, ஞாயிறுதோறும் என் காதில் விழுந்துகொண்டிருந்த வார்த்தையையே வழியாக்கித் தந்தார். அந்த ஜூன் மாதம் பிள்ளைகள் சேர்ந்தார்கள். இன்றுவரை சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் நான் பயந்து பயந்து செபிப்பேன், மேலதிகாரிக்கு மனுப் போடுகிற மாதிரி. இப்போது வாய்விட்டுப் பேசுகிறேன். உங்களுக்கும் எந்தப் பக்கமும் கதவில்லாத ஓர் அறை இருக்கும். அங்கே போய் அவரிடம் சண்டையாவது போடுங்கள். கோபத்தையும் அவர் செபமாக ஏற்றுக்கொள்கிறார். என் கோபத்தை ஏற்றுக்கொண்டார். அவருக்குத் தோத்திரம்.

அன்று மாலை பஸ் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசியில், யுத்தகாலக் கரிவாயுப் புகையைக் கக்கிக்கொண்டு, முக்கி முனகி வந்து நின்றது. சம்மதமா என்று கேட்க நான் துணியவில்லை. ஏறிவிட்டேன். கண்டக்டர் விசில் ஊதினான். அப்போதுதான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து சொன்னார்:

"உங்க ஜட்ஜய்யாகிட்ட சொல்லுங்க பண்டிதரே, மாப்பிள்ளைக்கும் விக்கினம் ஒண்ணும் இல்லையாம்."