கண்ணாடிக்காரரின் ரத்தம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பால்கனியில் துணிக்கொடி கட்டியது. அவர்தான் ஸ்டூலில் ஏறினார். முடிச்சு விழவில்லை. "விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். அவள் ஏறிக் கட்டினாள்.

மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பவர் அவர். எள்ளளவு திருகாணியை விரல் நுனியில் எடுத்து மாட்டிவிடுவார். கண்ணாடி உடைந்தவர்கள் கடுகடுவென்று வருவார்கள். "மூக்கு உடையலியே, விடுங்க" என்று உட்கார வைப்பார். யாரையும் திட்டத் தெரியாது. தம்பி எது சொன்னாலும் தலையாட்டுவார்.

அந்தத் தம்பிதான் மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பா. வீட்டில் அவருக்கு டானிக் சித்தப்பா என்று பேர். யார் சோர்ந்து வந்தாலும் ஒரே பேச்சு: "ரத்தம் இல்ல." ஒரே வைத்தியம், இரும்புச்சத்து டானிக். அண்ணன் களைப்பு என்றதும் பாட்டில் பாட்டிலாக வந்தது, ஆண்டுக்கணக்கில். ரத்தப் பரிசோதனை என்று பேச்செடுத்தால், "என்னை நம்பலியாண்ணே?" அதோடு அப்பா வாயை மூடிக்கொள்வார். அவர் முகம் செம்பு நிறமானபோது, "பாத்தியா, ரத்தம் ஊறுது" என்று சித்தப்பா மார்தட்டிக்கொண்டார்.

ஊறியது இரும்பு. அது குறைந்தாலும் களைப்பு, மிஞ்சினாலும் களைப்பு. சோதிக்காமல் எது என்று சொல்ல முடியாது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அப்பாவுக்குப் பல மடங்கு மிஞ்சியிருந்தது. டாக்டர் விளக்கியபோது, பம்பு கம்பெனியில் இன்ஜினீயரான மகளுக்கு உடனே பிடிபட்டது. உடம்பில் இரும்பு உள்ளே வர வழி உண்டு, மிச்சத்தை வெளியேற்ற வழியில்லை. அதனால் போதும் என்றதும் உடம்பு வால்வை மூடிக்கொள்ளும். அப்பாவின் உடம்புக்குப் பிறவியிலேயே அதை மூடத் தெரியாது. அதில் டானிக்கை வேறு ஊற்றியாயிற்று. ஈரலிலும் மூட்டிலும் இதயத்திலும் படிந்துவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் அவ்வப்போது ரத்தம் எடுத்தே குறைத்திருக்கலாம். தெரிந்தபோது ஈரல் கையை விரித்துவிட்டது.

"கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம், சோதிக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்" என்றார் அப்பா. சொல்லவில்லை. போய்விட்டார்.

மகளும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சித்தப்பா அழுதபடியே விரல் கணுக்களை நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். முகத்தில் அதே செம்பு. அவரும் தினம் அதே டானிக்தான். நன்றாகக் குடிக்கட்டும் என்று நினைத்தாள். மாதக்கணக்கில் அந்த நினைப்பில்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது. அப்புறம் ஒரு நாள், தெரியாமல் சாவது தண்டனையாகாது என்று பட்டது. தெரிய வேண்டும். பயப்பட வேண்டும்.

கூட்ட நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனாள். சித்தப்பா ஒரு பெண்ணிடம் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நானே தினம் குடிக்கிறேம்மா. எப்படி இருக்கேன் பாருங்க."

"செத்துப்போன எங்கப்பா மாதிரியே இருக்கீங்க சித்தப்பா" என்றாள் மகள்.

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள வாம்மா, உக்காந்து பேசலாம்."

"இங்கேயே பேசறேன்."

மிஞ்சிய இரும்பு, சோதிக்காமல் கொடுத்த டானிக், கெட்ட ஈரல், கூடப் பிறந்த ரத்தம் என்று குரலை உயர்த்தாமல், ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பெண் பாட்டிலை வாங்காமல் நகர்ந்தாள்.

"நாளைக்கே ஃபெரிட்டின் பாத்துடுங்க. இல்லன்னா இன்னொரு பாட்டில உடைச்சுக் குடிங்க."

சித்தப்பா பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "அண்ணன் எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொல்லத்தான் கிளம்பி வந்தாரு. கடையில நாலு பேர் நிக்கறாங்க, தம்பி மரியாதை போயிடும், ஆள் இல்லாதப்ப போறேன்னு வாசலோட திரும்பிட்டாரு. அப்புறம் படுக்கையை விட்டு எழுந்திருக்கல."