வாடகைக்குப் போகாத கதர்ப்புடவை

என் சித்தி மங்களம் அல்சூரில் மாறுவேட உடைகளை வாடகைக்கு விடுகிறாள். ஆகஸ்ட் வந்தால் பெங்களூரில் பாதிப் பெண் குழந்தைகள் ஜான்சி ராணி ஆகிவிடுவார்கள். சித்தியிடம் பத்து ராணி உடைகள் உண்டு.

கூடவே ஒரு வெள்ளைக் கதர்ப்புடவையையும் குழந்தை அளவுக்குத் தைத்து வைத்திருக்கிறாள். அந்நியத் துணிக்கடை முன்னால் மறியல் செய்த பெண்ணின் உடை. "ராணி ஒருத்திதான்டி. ஜெயிலுக்குப் போன பொம்பளைங்க ஆயிரக்கணக்குல. அதுல ஒருத்தியாச்சும் மேடை ஏறட்டுமே" என்பாள். சித்திக்கு இருக்கும் ஒரே பேராசை அதுதான். வருகிற அம்மாக்களோ, "கிரீடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு ராணியையே தூக்கிப் போவார்கள். சித்தி கோபிக்க மாட்டாள். சிரித்தபடி புடவையை மடித்து வைத்துவிட்டு டீ சொல்லுவாள்.

அவள் கோபிக்காததால், கடையில் கூடமாட உதவும் என் தலையில் அந்த வேலையும் விழுந்தது. இந்த வருடம், தர்ஷினி என்கிற ஏழு வயதுக்காரிக்கு எடுத்து வைத்திருந்த பத்தாவது ராணியை, சித்தி சாப்பிடப் போன நேரம் பார்த்து வேறொருத்திக்குக் கொடுத்தனுப்பினேன்.

மாலையில் தர்ஷினியும் அவள் அம்மா சுப்ரியாவும் வந்தார்கள்.

"என்ன மேடம், புக் பண்ணியும் இல்லேன்னா? காலைல ஃபங்ஷன்!"

சித்தி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உன் வேலதானேடி?"

"கை தவறிடுச்சு சித்தி."

சித்தி தயங்கித் தயங்கிக் கதர்ப்புடவையை எடுத்தாள்.

"இவ கையில என்ன வெச்சிருப்பா?" என்றாள் தர்ஷினி.

"ஒண்ணுமில்ல கண்ணு."

"அப்புறம் எப்படிச் சண்ட போடுவா?"

"கடை வாசல்ல குறுக்க படுத்துக்குவா. போலீஸ் வந்து தூக்குற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா."

"நான் ஸ்டேஜ்ல படுக்கலாமா?"

"படுத்தேதான் ஆகணும்."

சுப்ரியா வாய் திறப்பதற்குள் தர்ஷினி கவுன் மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் மகனுக்கு ஒட்டுமீசை வாங்க வந்தார்.

"ஏ புட்டி, தாரி பிடு!" என்று கன்னடத்தில் வழி கேட்டார்.

"அந்நியத் துணி வாங்க மாட்டேன்னு சொல்லுங்க அங்கிள்."

"மீசைதாம்மா வாங்க வந்தேன்."

"அது எந்த ஊர் மீசை?"

அவர் உள்ளே சித்தியை எட்டிப் பார்த்தார். சுப்ரியா சிரிப்பை அடக்க முடியாமல் செல்போனில் படமெடுக்க ஆரம்பித்தாள். "இதையே பேக் பண்ணிடுங்க மேடம்" என்றாள்.

சித்தி என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அடுத்த நொடி அதே கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மீசையை எடுத்து, படுத்திருந்தவளுக்கு மேலாகவே வெளியே நீட்டினாள்.

"நம்ம ஊர் சிக்பேட்டை மீசைதான் சார். தாண்டி வராதீங்க, மறியல் நடக்குது."