மைக் அக்கா வீட்டு ஆபீசர்

அந்தப் பறவை வீட்டுக்குள் நுழைந்த முதல் வாரத்தில் நடந்த சேதம் இவ்வளவு: டி.வி. ரிமோட்டில் பதினோரு பட்டன்கள், சமையலறைக் கதவின் ஒரு மூலை, மூக்குக் கண்ணாடியின் ஒரு கை, செருப்பு மூன்று, காலண்டரில் இனி வர வேண்டிய நான்கு மாதங்கள். கீழ்த்தளத்தில் இருந்த மைக் அக்காவின் நாத்தனார் சத்தம் கேட்டுப் படியேறி வந்தார். கிழிந்து கிடந்த மாதங்களைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. இந்த நாலு மாசமும் உங்களுக்கு நல்லது கெட்டது எதுவும் நடக்காது" என்றார்.

அது ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. கோழியைவிடக் கொஞ்சம் சின்ன உடம்பு, குறடு போல அலகு, கோபம் வந்தால் தலையில் விசிறியாக விரியும் மஞ்சள் கொண்டை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவரைப் போல அறை அறையாகப் போகும். திறந்திருக்கும் ஒவ்வொரு இழுப்பறையையும் எட்டிப் பார்க்கும். பிடிக்காததைக் கீழே தள்ளும். அதனால் ஆபீசர் என்று பெயர் வந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவரைப் பேருந்து நிலையத்தில் எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களாக அங்கே அறிவிப்பாளர். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு மைக், சுவரில் நேர அட்டவணை. ஊர்ப் பெயரையும் நடைமேடை எண்ணையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது விதி. இரண்டாவது தடவையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்வது அக்காவின் ஏற்பாடு. ஓடி வருகிறவர்களின் காதில் அதுதான் விழும் என்பார்.

கணவர் அதே டிப்போவில் டிரைவராக இருந்தவர். ஒரு மழை நாளில் பாலத்து வளைவில் பஸ் சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதியது. முன் இருக்கையில் இருந்த பெண் அங்கேயே இறந்துபோனாள். பிரேக் கோளாறு, டிரைவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவருக்கு வலது முழங்கால் நொறுங்கிப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தட்டை நீட்டினால் சாப்பிட்டார், எழுப்பினால் எழுந்தார். எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த எட்டாவது மாதத்தில்தான் தூரத்து பஸ் ஒன்றின் கடைசி இருக்கைக்கு அடியில், துணி போர்த்திய கூண்டு கிடைத்தது. கேட்பாரற்ற பொருளுக்கு முறை ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவையாக மூன்று நாள் அறிவிக்க வேண்டும். யாரும் வராவிட்டால் தலைமை அலுவலகக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். அக்கா ஒன்பது தடவையும் அறிவித்தார். யாரும் வரவில்லை. குடைகளுக்கும் இரும்புப் பெட்டிகளுக்கும் நடுவே உயிரோடு ஒன்றை எப்படி அனுப்புவது என்று லக்கேஜ் கவுன்ட்டரில் இருந்த அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"வீட்டுக்குக் கொண்டு போ தங்கச்சி. அந்த மனுசன் சுவத்தையே பாத்துட்டு இருக்கறதுக்கு இதையாவது பாக்கட்டும்."

"ரிஜிஸ்டர்ல என்னண்ணே எழுதுவீங்க?"

"உரியவர் பெற்றுக்கொண்டார்னு எழுதுவேன். நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கேட்பாரற்ற பொருளை ஊழியர் எடுத்துக்கொள்வது அந்த நிலையத்தில் மன்னிக்க முடியாத குற்றம். ஒரு பழைய குடைக்காக ஒருவருக்கு வேலையே போயிருக்கிறது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆபீசர் வந்த பத்தாம் நாள், ஆணியில் மாட்டியபடி அப்படியே கிடந்த டிரைவரின் யூனிபார்ம் சட்டைமேல் ஏறியது. மேலிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றிக் கீழே போட்டது. மூன்றாவது பட்டன் தரையில் உருண்டபோது சமையலறையில் இருந்த அக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

"டேய்! விடுறா! யாரு சட்டைன்னு நெனச்ச?"

எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த கணவரின் குரல். அக்கா கரண்டியைப் பிடித்தபடியே நின்று அழுதார். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. போனால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

நிற்கவில்லை. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஆபீசரோடு சண்டை, மத்தியானம் சமாதானம், சாயங்காலம் மறுபடி சண்டை. "ஏம்மா, ஆபீசர் இன்னிக்கு உன் குடைக்கு ஆர்டர் போட்டுட்டாரு, வந்து பாரு" என்று டிரைவர் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால் குடைக்குக் கம்பி மட்டும் மிச்சம் இருக்கும். அவர் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியது. வீட்டில் உருப்படியான பொருள் ஒன்றுகூட இல்லை. அக்காவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

மூன்றாவது வருடம் இருமல் ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு ஊர்ப் பெயருக்கும் நடைமேடை எண்ணுக்கும் நடுவே. மைக்கை அணைப்பதற்குள் இருமல் நிலையம் முழுக்கக் கேட்டுவிடும். "மைக்குக்கே ஜலதோஷம் பிடிச்சிருக்கு" என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள். சில வாரங்களில் கேலி நின்றுபோனது.

ஊழியர் மருத்துவமனை டிப்போவின் பின்புறம்தான். டாக்டரம்மா பொறுமையானவர். என்ன வேலை, என்ன அடுப்பு, வீட்டுச் சுவரில் ஈரம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றையும் கோப்பில் எழுதினார்.

"வீட்டுல கிளி, புறா, கோழி ஏதாவது வளக்கறீங்களா?"

அக்கா அந்தக் கோப்பைப் பார்த்தார். மேலே டிப்போ முத்திரை. அது யார் யார் மேசைக்குப் போகும் என்று யோசித்தார்.

"இல்ல மேடம்."

டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பஸ் புகைமேல் பழியைப் போட்டார். மூன்று மாத விடுப்பு, நிலையத்துப் பக்கமே போகக் கூடாது, வீட்டில் முழு ஓய்வு. நல்ல மனதோடு எழுதிக் கொடுத்த சீட்டு அது.

அக்கா வீட்டிலேயே இருந்தார். ஜன்னலோரம் படுத்திருப்பார். ஆபீசர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிறகை உதறிக் கோதும், போர்வை நூலை ஒவ்வொன்றாக இழுக்கும். சாயங்காலமானால் காய்ச்சல், நெஞ்சில் கல் வைத்த மாதிரி பாரம். மூன்று மாதம் ஆறாகி, ஆறு பதினொன்றானது. குளித்துவிட்டு வந்து தலை துவட்டக்கூட உட்கார வேண்டியிருந்தது. மைக் முன்னால் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள்.

அப்போது நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். துணைக்கு இருக்க வேறு ஆள் இல்லை. அக்கா பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கினார். ஆறாம் நாள் லிப்ட் வேலை செய்யவில்லை. பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்.

நாத்தனார் டம்ளரை வாங்கிக்கொண்டே உற்றுப் பார்த்தார். "என்ன, ரெண்டு நாளா இருமலக் காணோம்? வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியா?"

வழியில் எங்கும் நிற்காமல் ஏறி வந்தது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வீடு திரும்பிய காலை, வாசலைத் தாண்டாமல் நின்று பார்த்தார். ஜன்னல் வெயிலில் ஆபீசர் உடம்பை உலுக்கியது. மாவு சலித்தது போல வெள்ளைத் தூள் கிளம்பி, வெயிலில் மிதந்து, டி.வி.மேல் இறங்கியது. மூன்று வருடமாகத் தினமும் ஈரத்துணியால் துடைத்த தூள். அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது.

மறுநாள் லக்கேஜ் அண்ணனைப் போய்ப் பார்த்தார்.

"நானே சொல்லணும்னு இருந்தேன் தங்கச்சி. வேலைக்கு வந்தப்பவும் லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்குத்தான் உனக்கு மோசமா இருக்கும். புகையில உக்காந்தா தேவலாம்னு இருக்கும். இது என்னடா தலைகீழா இருக்குன்னு நெனச்சேன்."

"டாக்டர்கிட்ட உண்மையச் சொன்னா உங்களுக்கும் சிக்கல்ணே."

"என்ன பெரிய சிக்கல், மெமோ குடுப்பாங்க. மெமோ வாங்கினா மூச்சு முட்டாது. போய்ச் சொல்லு."

டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நான் கேட்டேனே?"

"கேட்டீங்க மேடம்."

"இல்லன்னீங்களே?"

"சொன்னேன்."

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தத் தூளைச் சிலருடைய நுரையீரல் எதிரியாக நினைத்து வீங்கும், வீக்கம் தொடர்ந்தால் தழும்பாக இறுகிவிடும் என்று டாக்டரம்மா படத்தைக் காட்டி விளக்கினார். இரண்டு பக்கமும் அடியில் வலை பின்னினாற்போல வெள்ளைக் கோடுகள்.

"முதல்லயே தெரிஞ்சிருந்தா முழுசா சரி பண்ணியிருக்கலாம். இறுகினது இனி இளகாதும்மா. மிச்சத்தையாவது காப்பாத்தணும். பறவை அந்த வீட்டுல இருக்கக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது அக்கா மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். சொன்னதும் கணவர் பதறுவார், கொடுத்துவிடலாம் என்பார். வேண்டாங்க, கொஞ்சம் பொறுங்க, நல்ல இடமாகப் பார்க்கலாம் என்று தான் தடுக்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தார்.

டிரைவர் முழுவதையும் கேட்டார். தோளில் இருந்த ஆபீசர் அவர் காலரைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை.

"நான் மேல போயிடறேன்" என்றார்.

மொட்டை மாடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை ஒன்று இருந்தது. சாவி நாத்தனாரிடம். ஊன்றுகோலோடு வாசலில் உட்கார்ந்திருந்தவர் சாவியைத் தம்பி கையில் கொடுக்காமல் தரையில் எறிந்தார்.

"பொண்டாட்டி கீழ, கிளி மேல. ஊருல சொன்னா சிரிப்பாங்கடா. எனக்குச் சிரிப்பு வரல."

அந்த முழங்காலோடு டிரைவர் கூண்டைத் தூக்கிப் பதினெட்டுப் படி ஏறினார். மேலேயே குளித்து, சட்டை மாற்றி, மூன்று வேளையும் சாப்பிட இறங்கி வருவதாக ஏற்பாடு. இரண்டு வாரம் வந்தார். பிறகு முழங்கால் வீங்கியது, ஒரு வேளையானது. அப்புறம் அக்கா சாப்பாட்டுப் பையை மாடியிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டி வைப்பார், அவர் மேலே இழுத்துக்கொள்வார். மேலிருந்து குரல் மட்டும் இறங்கி வரும். "டேய், பைப்ப விடுடா! தண்ணி டேங்க்கையே கவுத்துடுவ போல!" நல்ல கணீர்க் குரல். எட்டு மாதம் எந்தக் குரலுக்காக அக்கா காத்திருந்தாரோ அதே குரல்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். கோடுகள் மேலே ஏறியிருந்தன.

"மாடியில இருந்தா என்ன? அவர் துணியில வருது, காத்துல வருது" என்றார் டாக்டரம்மா. "பறவை, இல்லன்னா நீங்க, ரெண்டுல ஒண்ணு அந்தக் கட்டடத்த விட்டுப் போகணும். இந்த மாசமே."

அன்று மத்தியானம் அக்கா படியேறினார். ஒன்பதாவது படியில், திருப்பத்தில், அதற்குமேல் முடியவில்லை. உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சுச் சத்தம் கேட்டு டிரைவர் அறையிலிருந்து வந்து மேல்படியில் நின்றார். காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். நடுவில் ஒன்பது படி.

"நீ எதுக்கு ஏறின? கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனே?"

"கூப்பிடற அளவுக்கு மூச்சு இல்லீங்க."

அக்கா கேட்க வந்ததைக் கேட்டார். "ஆபீசரக் கொடுத்துடுங்க. கீழ வந்துடுங்க."

அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"கொடுத்தா வந்துடுவேன்மா. வந்து நாற்காலியத் திருப்பிப் போட்டுக்குவேன். எனக்கே தெரியுது. அன்னிக்குப் பஸ்ஸுல அந்தப் பொம்பள கண்ணாடியில மோதின சத்தம் இது கத்தற வரைக்கும்தான் கேக்காம இருக்கு."

அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அதையும் ஒன்பது படிக்கு மேலிருந்து பேசினார்.

அக்கா கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டார். "டிப்போ குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் காலியா இருக்காம். லக்கேஜ் அண்ணன் பாத்துச் சொன்னாரு. நான் அங்க போறேன்."

"எப்ப?"

"இன்னிக்கு."

டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார். கைப்பிடியைப் பற்றி ஒரு படி இறங்கினார். அதே நேரம் அறைக்குள் எதுவோ விழுந்து நொறுங்கியது. ஆபீசர் வீறிட்டது, நிறுத்தவில்லை. அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"பாத்துப் போ" என்றார். இறங்கிய ஒரு படியை மறுபடி ஏறி உள்ளே போனார்.

அக்கா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். வீட்டில் கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார்: நாலு புடவை, மருந்து, ஸ்கேன் உறை. கீழே வாசலில் நாத்தனார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்து நின்றிருந்தார்.

"என்ன சொன்னான்?"

அக்கா சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினார். நாத்தனார் அவசரப்படுத்தவில்லை. பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நட. ஆட்டோ வரைக்கும் வரேன்" என்றார். "எனக்கு இடுப்பு, உனக்கு மூச்சு. மெதுவாத்தான் போவோம்."