குழாய்க்கு முன்னால் ஒரு கரண்டி சொக்லேட்

கொட்டாஞ்சேனையில் நாலு மேசை போட்ட கூல் பார் ஒன்றை வெறுங்கையால் கட்டினவன் நான். அது கலவரத்தில் எரிந்தது. கரிச்சுவரைக் கழுவி, அதே இடத்தில் மறுபடியும் கட்டினேன். பிறகு வத்தளையில், பிள்ளையள் உறிஞ்சுகிற ஐஸ் பக்கெட் போடுகிற சின்னத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினேன். வெள்ளம் வந்து மெஷினெல்லாம் சேற்றுக்குள் போனது. அதையும் கழட்டிக் காயவைத்துத் திரும்பப் பூட்டினேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஐந்தாம் மாடியில் இந்த ஃபிளட்டை வாங்கினேன். மகனை எஞ்சினியர் ஆக்கினேன். மகளைக் கனடாவுக்குக் கட்டிக் கொடுத்தேன். தீவுப் பகுதியில் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வந்து, இன்னொருவரின் கடையில் கிளாஸ் கழுவின பெடியன் இவ்வளவும் செய்தான் என்றால், பின்னால் ஆரோ இருந்திருக்க வேண்டும் என்று சனம் நினைக்கும். ஒருவரும் இல்லை. நான்தான் இருந்தேன்.

அந்தக் கூல் பாரில் பெயர் எடுத்தது என்னுடைய ஐஸ் சொக்லேட். கொக்கோவைத் திக்காய்க் காய்ச்சி, டின்பால் விட்டு, மேலே உடைத்த ஐஸ் போடுவேன். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மரச்சுத்தியலால் அடிப்பேன். தூளாக்கக் கூடாது. பல்லில் கடிபடும்போது கறுக் என்று கேட்க வேண்டும். வெயிலுக்குள்ளால் நடந்து வருகிற மனுசனுக்கு அந்தச் சத்தத்திலேயே பாதித் தாகம் தீரும். கொலன்னாவையில் இருந்துகூட ஆட்கள் வந்து குடித்திருக்கிறார்கள். நான் சும்மா சொல்லவில்லை.

போன வருசம் என் மனுசிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்ச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள். எங்கட ஆட்கள் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்பார்கள். சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் காலையில் வாடகை வானில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியால் வந்து சோறும் காய்ச்சினா. பிறகுதான் வாய் முழுக்கப் புண் போட்டது. சோறு கண்ணாடித் துண்டு மாதிரிக் குத்துகிறது என்றா. சூப்பு எரிந்தது. கஞ்சியைத் துப்பினா.

கிளினிக்கில் சின்ன வயது டொக்டர் பிள்ளை ஒன்று எங்களை இருத்திவைத்துச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினா. சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டேன். கரண்ட் பிடிக்கும்போது தலை அசையாமல் இருக்க, முகத்துக்கு அச்செடுத்து ஒரு மூடி செய்திருக்கிறார்கள். ஆள் இளைத்தால் மூடி தளர்ந்துவிடும். தளர்ந்தால் கதிர் பிழையான இடத்தில் விழும், சிகிச்சையை நடுவில் நிற்பாட்ட வேண்டி வரும். நிற்பாட்டினால் இவ்வளவு நாள் பிடித்ததும் வீணாகப் போகலாம். அதனால் நிறை குறையக் கூடாது. இனியும் குறைந்தால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும்.

மனுசி என்னுடைய சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டா. ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டிலில் ஒரு அம்மாவுக்கு அந்தக் குழாய் போட்டிருந்தது. இழுத்துவிடுவா என்று இரண்டு கைக்கும் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அதை இவ பார்த்தவ.

வானில் வரும்போது, "எனக்கு அது வேண்டாமப்பா" என்றா. குரல் அப்பவே பாதியாய் இருந்தது.

"நீர் பயப்படாதேயும். கொழும்பில பாதிச் சனத்துக்குக் குளிர் குடுத்தவன் நான். உமக்குக் குடுக்கமாட்டனே? என்ன வேணும் எண்டு மட்டும் சொல்லும்."

சேலைத் தலைப்பால் வாயை ஒற்றினா. "எல்லாம் மண் மாதிரிக் கிடக்கு. கசப்பு மட்டும் கொஞ்சம் தெரியுது. உங்கட சொக்லேட்டைத் தாங்கோவன். நல்லாக் குளிரா."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டொக்டர்மாருக்குத் தெரியாத ஒரு மருந்து என்னுடைய கையில் இருந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

வந்த கையோடு கொக்கோவைக் காய்ச்சி ஆறவைத்தேன். ஐஸ் கட்டிகளைத் துவாயில் சுற்றி ரொட்டிக் கட்டையால் அடித்தேன். கீழ்மாடிக்காரர் மேலே வந்து பெல் அடித்து, "என்ன ஐயா, சுவர் உடைக்கிறீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடையில் கொடுக்கிற மாதிரியே உயரக் கிளாஸில், மேலே ஐஸ் மினுங்க, கொண்டுபோய் நீட்டினேன்.

ஒரு வாய்தான் எடுத்தா. கண்ணை இறுக்கி மூடினா. திருப்பித் துப்பின ஐஸ் துண்டில் இரத்தம் இருந்தது. கிளாஸை என்னிடம் தந்துவிட்டு, "கறுக் எண்டு கேட்டதே உங்களுக்கு?" என்றா.

சிரித்துக்கொண்டுதான் சொன்னா. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கினம். பிறகு மருமகளின் பிளெண்டரில் போட்டு அரைத்தேன். ஐஸ் பொடியாகும், ஆனால் பொடியிலும் முனை இருக்கிறது. ஆரோக்கியமான வாய்க்கு அது தெரியாது, புண் வாய்க்குத் தெரியும். அதையும் துப்பினா.

அன்று பின்னேரம் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். தண்ணி ஐஸ் போட்டால்தானே முனை? சொக்லேட்டையே உறைய வைத்தால் என்ன? வத்தளையில் எத்தனை ஆயிரம் ஐஸ் பக்கெட் உறைய வைத்தவன் நான். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சீனி கூடினால் கட்டி மென்மையாய் வரும். சீனி குறைந்தால் கல்லாகும். இவவுக்கோ சீனி புண்ணில் எரிகிறது, கசப்புத்தான் வேண்டும். சீனி போட்டால் எரியும், போடாவிட்டால் கல். இரண்டு பக்கமும் அடைத்த ஒழுங்கைக்குள் நிற்கிற மாதிரி நின்றேன்.

கடைசியில் வழி கண்டேன். ஒருக்காலும் முழுக்க உறைய விடக் கூடாது. கொக்கோ, கொஞ்சம் டின்பால், பிடிப்புக்குக் கோன்பிளவர் போட்டுக் காய்ச்சி, அகலமான சில்வர் தட்டில் ஊற்றி ஃப்ரீஸரில் வைக்க வேண்டும். விளிம்பில் உறையத் தொடங்கினவுடன் முள்ளுக்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ள வேண்டும். திரும்ப வைக்க வேண்டும், திரும்பச் சுரண்ட வேண்டும். அரை நாள் அதுவே வேலை. எனக்கு இப்போது வலது கை நடுங்கும். அந்த நடுக்கம் முள்ளுக்கரண்டிக்கு நல்லாய்ப் பொருந்தியது. கை நடுக்கத்தை வேலைக்கு எடுத்த முதலாளி கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பூப்போல வந்தது. வாயில் வைத்தால் முனையும் இல்லை, தண்ணியும் இல்லை. பெருமையோடு கொண்டுபோனேன். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவுடனே முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"அறக்குளா மணக்குது."

மருமகள் சனிக்கிழமைகளில் சந்தையில் அறக்குளா மீன் வாங்கி, வெட்டிக் கழுவி, ஒரு கிழமைக்கு ஃப்ரீஸரில் அடுக்கிவிடுவா. ஒபிஸுக்குப் போகிற பிள்ளை, வேறு என்ன செய்யும்? பாலுக்கு ஒரு கெட்ட குணம், பக்கத்தில் உள்ள மணத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் மீன் பை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டுபோய், கேற்றடியில் நிற்கிற செக்கியூரிட்டி அய்யேயிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மனுசன் என்னை இரண்டு கையாலும் கும்பிட்டான்.

பின்னேரம் மருமகள் ஃப்ரீஸரைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றா.

"மாமா, ஒரு கிழமை மீன்!"

"மீன் திரும்ப வரும் பிள்ளை."

கொஞ்ச நேரத்தால் பார்த்தால், தேசிக்காயும் வெந்நீரும் வைத்து ஃப்ரீஸரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறா. ஒபிஸ் சாறியோடு. அதை நான் மறைக்கமாட்டேன். கழுவினது அவதான். அந்தக் கிழமை முழுக்க மகன் கத்தரிக்காயும் பருப்பும் தின்றான்.

அடுத்த நாள் மனுசி விழுங்கினா. எப்படி என்று சொல்லவேண்டும். நாடியை நெஞ்சோடு ஒட்டக் குனிவா. கட்டில் விரிப்பை ஒரு கையால் முறுக்கிப் பிடிப்பா. தொண்டை ஒருக்கா ஏறி இறங்கும். கண்ணில் தண்ணி வரும். பிறகு மற்றக் கையை நீட்டி, இன்னொன்று என்று விரல் காட்டுவா. ஒரு கிண்ணம் முடிய வெயில் யன்னலில் இருந்து சுவருக்குப் போய்விடும். எனக்கு வேறு வேலை என்ன? இருந்தேன். கிளினிக்கில் நிறை பார்த்தபோது முள் இறங்கவில்லை. டொக்டர் பிள்ளை என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் மகன், "லிக்விட் டயட் டொக்டர்" என்று சொல்லி முடித்துவிட்டான். லிக்விட்டாம்!

ஒருநாள் மத்தியானம் வீட்டுக் கரண்ட் போனது. ஃப்ரீஸர் நின்றது. தட்டு மெல்ல இளகத் தொடங்கியது. இளகினால் அவவால் விழுங்க ஏலாது. தண்ணியாய் இருந்தால் தொண்டை பிடிக்காமல் மூக்கால் வரும். லிஃப்டும் இல்லை. தட்டைத் துவாயால் மூடிக்கொண்டு ஐந்து மாடியும் படியால் இறங்கி, காலி வீதியில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு ஐஸ்கிறீம் கடைக்குப் போனேன். முதலாளி அய்யேயிடம் விசயத்தைச் சொன்னேன். தன்னுடைய ஃப்ரீஸரின் கண்ணாடிக் கதவைத் திறந்து இடம் ஒதுக்கித் தந்தார். நான் பக்கத்தில் நின்று முள்ளுக்கரண்டியால் சுரண்டிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெட்டையள் எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கிள், மேக கீயத?"

விலை கேட்கிறார்கள். "விகுணன்ன நெவெயி" என்றேன். விற்கிறதுக்கில்லை. வாழ்க்கை முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். அந்தச் சொல் என் வாயில் அன்றைக்குத்தான் முதல்தரம் வந்தது.

திரும்ப இறுகினவுடன் வெயிலுக்குள்ளால் ஓட்டமும் நடையுமாய் வந்தேன். மூன்றாம் மாடியில் மூச்சு முட்டிப் படியில் இருந்துவிட்டேன். மடியில் தட்டு. துவாய்க்குக் கீழே அது இளகி அசைகிறது தெரிகிறது. எழும்பவும் ஏலவில்லை. கடை கட்டினேன், எரிந்த கடையைக் கட்டினேன், ஆனால் ஒரு தட்டை இரண்டு மாடி மேலே கொண்டுபோக என்னால் முடியவில்லை. மேலே போய்ச் சேரும்போது அது வெறும் பால். மனுசி என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு கரண்டி வாங்கினா. மூக்கால் வந்தது. இருமி இருமி நீலம் பாரித்துப் போனா. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். தடவுகிறதால் என்ன வரும்?

"காணும்" என்றா, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. எனக்கு ஆறுதல் சொல்லுகிறா!

அடுத்த நாள் திரும்பச் செய்தேன், திரும்ப விழுங்கினா. இப்படியே இழுத்து இழுத்துக் கடைசிக் கரண்ட்டும் பிடித்து முடிந்தது. மூடி தளரவில்லை. ஒரு நாள்கூட நிற்பாட்டவில்லை. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கனடாவுக்குக்கூடச் சொல்லிவிட்டேன்.

கரண்ட் முடிந்த பிறகுதான் புண் உச்சத்துக்குப் போகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். தொண்டை முழுக்க அடைத்துவிட்டது. பூப்போல வந்த சொக்லேட்டை நாக்கில் வைத்தால் அங்கேயே இருந்தது, உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தா, நிமிர்ந்து பார்த்தா, விரிப்பை முறுக்கிப் பார்த்தா. பிறகு வாயைத் திறந்து காட்டினா. வைத்த சொக்லேட் வைத்தபடி. இருந்த பாதிக் குரலும் அதோடு போய்விட்டது.

குழாய் போட்டார்கள். போடும்போது நான் பக்கத்தில் நின்றேன். அவ என்னைப் பார்க்கவில்லை, மேலே மின்விசிறியைப் பார்த்தா. என் கையை மட்டும் விடவில்லை.

இப்போது டொக்டர் எழுதித் தந்த வெள்ளை மாவைக் கரைத்து, ஒபிஸுக்கு லீவு போட்ட மருமகள் சிரிஞ்சால் குழாய்க்குள் ஏற்றுகிறா. எனக்கு அந்த வேலை தரமாட்டார்கள். கை நடுங்கினால் குழாய் அசையுமாம். நான் இப்பவும் தட்டில் சொக்லேட் வைத்துச் சுரண்டுகிறேன். மத்தியானம் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து, அவவின் உதட்டில் பூசுவேன். உள்ளே விடக் கூடாது. அவ நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பா. அவ்வளவுதான். மிச்சம் கிண்ணத்தில் இளகும்.

போன கிழமை குடும்ப குரூப்பில் மகன் ஒரு குரல் பதிவு போட்டான். அம்மாவின் கட்டி கரைந்திருக்கிறது, டொக்டர்மாருக்கும் இரவு பகலாய்ப் பார்த்த தன் மனைவிக்கும் நன்றி, என்று. கடைசியில், "அப்பாவும் பாவம், பக்கத்திலேயே இருந்தவர்" என்றான். கனடாவில் இருந்து எல்லாரும் பூவும் கும்பிட்ட கையும் போட்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் இருந்தவராம்! கதிரையும்தான் பக்கத்தில் இருந்தது.

அவனைக் கூப்பிட்டு, "அதை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடு" என்றேன்.

"என்னப்பா, சின்னப்பிள்ளை மாதிரி. இதெல்லாம் இப்ப முக்கியமே?"

முக்கியம். அந்த மூடி தளராமல் இருந்ததுக்குக் காரணம் என்ன என்று அவனும் சொல்லட்டும், டொக்டர் பிள்ளையும் எழுதி வைக்கட்டும். மருமகளின் பெயரையும் போடட்டும், ஃப்ரீஸர் கழுவினது அவதான். எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் புண் வந்ததில் இருந்து கரண்ட் முடியும் மட்டும் அந்தத் தொண்டையால் இறங்கின சாப்பாடு ஒன்றே ஒன்று. அதைச் செய்தவன் நான்.

மகன் இன்னும் மாற்றவில்லை. அதனால் மனுசியிடமே சொல்லிவிட்டேன், உதட்டில் பூசிக்கொண்டு: "இஞ்சரும், உமக்குக் குரல் வந்தவுடன டொக்டருக்கு நன்றி சொல்லும், பிள்ளையளுக்கும் சொல்லும், நான் மறிக்கேல்லை. ஆனா முதல்ல என்ரயைச் சொல்லும். எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

அவ நாக்கால் உதட்டைத் தொட்டா. பிறகு விரலைக் காட்டினா, இன்னொன்று என்று.