தாத்தா பெயரில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஹாலிபட் மீனைக் கீறி வீட்டு வாசலில் உலரப் போட்டது. அவள் கீறினாள். நான் தொங்கவிட்டேன். திறந்திருந்த ஜன்னல் வழியாக வானொலியில், எங்கள் தலைநகர் நூக்கில் நடக்கும் நாடாளுமன்றக் கூட்டம் கேட்டது. ஒருவர் பேசி முடித்ததும் இன்னொருவர் எழுந்து அந்தப் பேச்சுக்கு நன்றி சொன்னார். அவருக்கு மற்றொருவர் நன்றி சொன்னார். நான் மின்நிலையத்தில் டீசல் இன்ஜின் பார்ப்பவள். வேலை செய்யாமல் இவ்வளவு சத்தம் போடுகிற இயந்திரத்தை அன்றே கழற்றிப் போட்டிருப்பேன்.

"அணைச்சுடவாம்மா?"

"இருடி. அப்பா இன்னும் பேசல."

அப்பா என்றது ஈனோக்கை. அவனுக்கு வயது நாற்பத்தொன்று, அம்மாவுக்கு எழுபது. என் தாத்தா ஈனோக் கடலில் இறந்த குளிர்காலத்தில் பக்கத்து வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாத்தாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். எங்களிடையே அப்படிப் பெயர் வாங்கிய குழந்தை, இறந்தவரேதான். என் அம்மா பொலெத்தே தொட்டிலில் கிடந்தவனை அப்பா என்று கூப்பிட்டாள். அவனுடைய முதல் சீல்தோல் காலணியைத் தைத்தவளும் அவள்தான். பேச வந்ததும் அவன் அவளை மகளே என்றான்.

அவன் மூன்று முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்றான். மூன்று முறையும் அவள் வாக்கு அவனுக்குத்தான். சொந்தத் தகப்பனிடம் யார் கொள்கை கேட்பார்கள்? எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் இப்படி ஏதோ ஓர் உறவுக்குத்தான் வாக்களிக்கிறார்கள். பிறகு அதற்குத் தன்னாட்சி என்று பெயர் வைத்துக் கொடியேற்றுகிறார்கள்.

எங்கள் மீன் ஆலையை மூட விடமாட்டேன் என்று அவன் எங்கள் மேஜையில்தான் சொன்னான், மூன்றாவது கேக் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டே. அடுத்த கூட்டத்தில் மூடுவதற்குக் கை தூக்கினான். முன்பு எங்களை ஆண்ட டென்மார்க்காரன் கையெழுத்துப் போட்டு மூடினான். இப்போது எங்கள் ஆளே போட்டு மூடுகிறான். நாங்கள் அடைந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

அடுத்த தேர்தலுக்கு வெட்கமில்லாமல் வாக்குக் கேட்டு வந்தான். அம்மா வழக்கம்போல் காப்பி விருந்து வைத்தாள். வீடு நிறைய ஆட்கள்.

"என்ன மகளே, அப்பா மேல கோவமா?"

"எங்கப்பா உயிரோட இருந்தவரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. செத்த பிறகுதான் நீங்க கெட்டுப்போயிட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆலை போனது அவளுக்கு நஷ்டம். ஆனால் அவளைத் தின்றது அதுவல்ல. செத்துப்போன தகப்பன் ஊர்வாயில் பொய்யனாகிக்கொண்டிருந்தார்.

அப்புறமும் அவனுக்கே வாக்களித்தாள். அந்த வாரம் நான் அவளோடு பேசவில்லை.

அன்று மீன் கீறும்போது ஒருவழியாக வானொலியில் அவன் முறை வந்தது. சிறிய குடியிருப்புகளின் எதிர்காலத்தை ஆராய ஒரு குழு வேண்டும் என்றான். நன்றி சொன்னார்கள்.

அம்மா கத்தியைத் துடைத்தாள்.

"அப்பா பாவம்டி. இவன் ஒருத்தன்கிட்டயே மாட்டிக்கிட்டார். அவர் பேர வேற பிள்ளைக்கும் வைக்கணும். ஜுதித்தா முழுகாம இருக்காள்ல? போய்க் கேட்டுட்டு வரேன்."

ஜுதித்தா அம்மாவின் அண்ணன் மகள். விரிகுடாவுக்கு அக்கரையில் இருக்கிறாள்.

"போன்ல கேளேன்மா."

"பேரைப் போய் போன்ல கேப்பாங்களாடி? கடல் உறையறதுக்குள்ள படகுல போயிடணும்."

அந்த வாரமே அவளுக்கு மாரடைப்பு. மூடுபனியில் ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் இறங்கவில்லை.

அடக்கத்துக்கு ஈனோக் வரவில்லை. கூட்டத்தொடராம். பிளாஸ்டிக் பூ வளையம் அனுப்பியிருந்தான். நாடாவில் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று அச்சடித்திருந்தது. மகளைப் புதைக்கத் தகப்பனுக்கு நேரமில்லை.

ஜுதித்தாவுக்குப் பிப்ரவரியில் பிரசவம். விரிகுடா உறையத் தொடங்கிவிட்டது. தாத்தா பெயரை அந்தக் குழந்தைக்கு வைக்கச் சொல்லி இன்னும் யாரும் போய்க் கேட்கவில்லை.