சீசன் விருந்தாளிகளும் என் வகுப்பும்

எனக்கு நடக்க வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பொய். நடக்க நன்றாகவே வரும். அக்குளில் ஊன்றுகட்டையை இடுக்கிக்கொண்டு சமதரையில் நான் நடந்தால், என் அம்மா பின்னால் ஓடித்தான் வரவேண்டும். சின்னப் பிள்ளையில் வந்த இளம்பிள்ளை வாதம் ஒரு காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. எனக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், படி ஏறுவது. அதற்கு நான் என்ன செய்ய? படி கட்டியவனைத்தான் கேட்கவேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த நோயானாலும் குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுந்தால் போய்விடும். பித்தம் இறங்கும், பைத்தியம் தெளியும், பிடிவாதம்கூடக் குறையும் என்பார்கள். கடைசியாகச் சொன்னது என் விஷயத்தில் பலிக்கவில்லை.

சாரல் தொடங்கிவிட்டால் போதும், அம்மாவும் அத்தையும் என்னைத் தென்காசியிலிருந்து வண்டி கட்டிக் கூட்டிப்போவார்கள். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, நன்றாக ஊறவைத்து, பெரிய அருவியில் பெண்கள் பக்கம் ஆளுக்கொரு கையாகப் பிடித்து நிறுத்துவார்கள். "ஏட்டி, கால நல்லா நீட்டு. தண்ணி கால்ல விழட்டும்" என்று அத்தை கத்துவாள். அந்த இரைச்சலில் அவள் வாய் அசைவதுதான் தெரியும். எனக்கு அருவி பிடிக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு நிற்பேன். வருஷா வருஷம் முடி அடர்ந்தது, பசி கூடியது. கால் மட்டும் இருந்தபடியே இருந்தது. அதைப் பற்றி எனக்கு இருந்த வருத்தத்தைவிட என்னைச் சுற்றியிருந்தவர்களுக்கு இருந்த வருத்தம்தான் பெரிது.

அறுபதுகளின் நடுவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். அப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே தென்னந்தோப்புகளுக்குள் ஒரு சின்னக் கல்லூரி நடந்துகொண்டிருந்தது. இன்று அது இல்லை, பெயரைச் சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. பி.யூ.சி.யில் சேரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதை என்னைவிட நன்றாக வேறு யாரால் செய்யமுடியும்? அப்பா தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். "ஒரு வருஷம் போய்ப் பாரு. சரிப்படலன்னா நின்னுரணும்" என்றார். நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். செங்கோட்டையில் பெண்டாட்டியை இழந்த ஒருவர் இரண்டாம் தாரமாக என்னைக் கேட்டிருந்தார். அவருக்கும் என் அப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. "கால் இப்பிடி இருக்கு, இதுக்கு மேல எங்கன போய்த் தேட?" என்று அம்மா அழுதுகொண்டே அதற்குச் சம்மதித்து வைத்திருந்தாள்.

கல்லூரியில் எங்கள் வகுப்பு மாடியில் இருந்தது. படிக்கட்டோ கட்டடத்துக்கு வெளியே, கூரை இல்லாமல். ஜூன் மாதத்துச் சாரலில் அதில் பாசி பிடித்து வழுக்கும். முதல் நாள் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் படியைப் பார்த்தேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாகப் பின்னால் நகர்ந்து ஏறினேன். தாவணியெல்லாம் சேறு. பையன்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். கூடப் படித்த பெண்கள் இரண்டு பேர் தூக்க வந்தார்கள். வேண்டாம் என்றேன். இன்றைக்குத் தூக்குவார்கள், நாளைக்கும் தூக்குவார்கள், அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று வகுப்பே கும்பலாகக் குளிக்கப் போகிற நாளில் யார் தூக்குவார்கள்?

மேலே போய்ச் சேர்ந்தபோது விரிவுரையாளர் வருகைப் பதிவை முடித்து, பாடத்தைத் தொடங்கியிருந்தார். "ரோல் கால் முடிஞ்சு வந்தா ஆப்சென்ட்தாம்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். மறுநாள் மழை இன்னும் பலம், இன்னும் தாமதம். இப்படியே போனால் வருகை போதாமல் பரீட்சை எழுதவிடமாட்டார்கள். பரீட்சை இல்லையென்றால் செங்கோட்டை.

அடுத்த நாள் நான் ஏறவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டேன். மாடியில் என் எண்ணை வாசிப்பது காதில் விழுந்ததும், தொண்டை கிழிய "பிரசென்ட் சார்!" என்று கத்தினேன். மேலே சிரிப்பு வெடித்தது. விரிவுரையாளர் கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"சத்தம் மட்டும் வந்தா அது ரேடியோம்மா. ஆளு வரணும்."

"ஆளு இங்கன வந்தாச்சு சார். வகுப்புதான் மேல போயிட்டுது."

அன்று மாலையே பிரின்சிபால் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடுவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். எனக்கும் போட்டார். என் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. சீசன் முடியுற வரைக்கும் பிள்ளைக்கு லீவு தாறேன். தெனமும் எண்ணெ தேச்சு அருவியில நிறுத்துங்க. ஒரு நாள் விடாம செய்யணும். விட்டு விட்டுச் செஞ்சதுலதான் இத்தன வருஷமும் பலிக்கல. அட்டெண்டன்ஸ நான் பாத்துக்கிடுதேன்."

அப்பா எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வகுப்புக்கு வந்து வாசலில் நிற்கிறவளுக்கு வளையாத விதி, அருவிக்குப் போகிறவளுக்கு வளைகிறதே!

"சார், சீசன் முடிஞ்சும் கால் சரியாவலன்னா?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்லப்படாது தாயி. நம்பிக்கை வேணும்."

"காலு எப்பம் வேணா சரியாவட்டும் சார். அதுவரைக்கும் வகுப்பக் கீழ போடுங்க."

அவர் சிரித்தார். கீழே ஒரு பெரிய ஹால் இருந்தது உண்மைதான். வாசலுக்கு நேராக, ஒரு படிகூட இல்லாமல். ஆனால் சீசனில் அது வகுப்புக்குக் கிடையாது. எங்கள் பக்கம் சாரல் விழுந்ததும் இல்லாத உறவெல்லாம் முளைத்துவிடும். வீடு வீடாகப் பாய் விரித்துப்போடவேண்டும். கல்லூரியும் அதற்கு விலக்கில்லை. கல்லூரியை நடத்திய கமிட்டிக்காரர்களின் சம்பந்திகள், சம்பந்திகளுக்குத் தெரிந்த அதிகாரிகள் என்று யார் யாரோ குளிக்க வந்து அந்த ஹாலில் கட்டில் போட்டுத் தங்குவார்கள். கல்லூரி தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம்.

"விருந்தாளிய எப்பிடிம்மா போகச் சொல்ல? மரியாதன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார் பிரின்சிபால்.

எனக்கு லீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா திட்டினார். "வலிய வந்த சீதேவிய எட்டி ஒதச்சிட்டியே" என்றார். எந்தக் காலால் உதைத்தேன் என்று கேட்க நினைத்தேன், அவர் இருந்த இருப்பைப் பார்த்துக் கேட்கவில்லை.

மறுநாள் காலை மணி அடித்ததும் நான் நேராக அந்த ஹாலுக்குள் போனேன். உள்ளே கொடி முழுக்க ஈரத்துணி. நல்லெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, தொந்தியைத் தடவிக்கொண்டு ஊறிக்கொண்டிருந்தார்கள். நான் காலியாக இருந்த ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். வயசுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் என்ன செய்வார்கள் பாவம்! துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடினார்கள். ஒருவர் அடுத்தவரின் வேட்டியைப் போர்த்திக்கொண்டு தோப்புக்குள் போனதைப் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த நாளும் போனேன். பிரின்சிபால் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "என்ன தாயி இது? பெரிய மனுஷங்க கூசிப்போறாங்க."

"நான் யாரையும் போகச் சொல்லல சார். வகுப்புக்கு ஆளு வரணும்னு சொன்னாங்க. என்னால வரமுடியுற கடைசி எடம் இதுதான். இங்கன உக்காந்து படிக்கேன்."

"உங்க அப்பாட்ட சொல்லி டி.சி. குடுத்திருவேன்."

புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயம் இல்லை என்று இன்று சொன்னால் அது வீம்பு. டி.சி. கொடுத்தால் என் கதை அன்றோடு முடிந்தது. ஆனால் எழுந்தாலும் முடிந்தது. அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

செய்தி கடைக்குப் போய்விட்டது. ராத்திரி அப்பா வந்து, "பொம்பளப் பிள்ள செய்யுற காரியமாட்டி இது?" என்று ஆரம்பித்தார். அம்மா அழத் தயாராக முந்தானையை எடுத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அடுத்தவர் வேட்டியோடு ஓடியவர் கதைக்கு நான் வந்ததும் அப்பாவின் மீசை துடித்தது. கோபத்தைப் பிடித்துவைக்க என்னவெல்லாமோ செய்துபார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அம்மா முந்தானையை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் அப்பா வழக்கம்போல சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருந்தார்.

அன்று ஹாலில் ஆள் இல்லை. விருந்தாளிகள் ஐந்தருவிப் பக்கம் ஒரு கமிட்டிக்காரரின் தோட்ட வீட்டுக்குப் போய்விட்டார்கள். கட்டில்கள் மட்டும் கிடந்தன. பிரின்சிபாலுக்குச் சொல்ல இனி மரியாதையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. ஒரு நாள் யோசித்தார். பிறகு பையன்களை விட்டு மாடியிலிருந்து பெஞ்சுகளை இறக்கச் சொன்னார். மழையில் நனைந்து ஏறுவது அவர்களுக்கும் பிடித்த வேலையா என்ன? கூச்சல் போட்டுக்கொண்டு இறக்கினார்கள்.

கீழே நடந்த முதல் வகுப்புக்குப் பிரின்சிபாலே வந்தார். விரிவுரையாளர் ஒதுங்கி நின்றார். பிரின்சிபால் மேசைமேல் கை வைத்து, இரக்கத்தைப் பற்றிப் பேசினார். ஊனமுற்ற ஒரு பெண்ணுக்காகக் கல்லூரி எவ்வளவு பெரிய தியாகம் செய்திருக்கிறது, கமிட்டிப் பெரியவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பேசி முடித்து என் பக்கம் திரும்பி, "எந்திரிச்சு எல்லாருக்கும் ஒரு நன்றி சொல்லு தாயி" என்றார், அன்பாகத்தான்.

கட்டையை ஊன்றி எழுந்தேன். வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது. முன் பெஞ்சில், பின் பெஞ்சில், ஜன்னலோரத்தில் எல்லோரும் அவரவர் இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வகுப்புல உக்காந்ததுக்கு இவங்க யாராச்சும் உங்களுக்கு நன்றி சொன்னாங்களா சார்?" என்று கேட்டேன். "அவங்க சொல்லட்டும். பெறவு நானும் சொல்லுதேன்."

பிரின்சிபாலின் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும் என்று நான் உட்கார்ந்தேன்.