கை நனைக்காத விருந்து

போன வருடத்துக்கு முந்தின தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோவை அவிநாசி ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் புதிதாகத் திறந்திருந்த ஓட்டலில் நடந்தது இது. ஓட்டல் என்று சொன்னால் என் மகளுக்குக் கோபம் வரும். 'ஏஷியன் ஃப்யூஷன் ரெஸ்டாரன்ட்' என்று முழுசாகச் சொல்ல வேண்டுமாம். ஜப்பான், கொரியா, தாய்லாந்துச் சமையலையும் நம்மூர்ச் சமையலையும் ஒன்றாகப் போட்டுக் கிளறுகிற இடம் என்று நானாகப் புரிந்துகொண்டேன். அங்கே நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அவள் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் போனோம்.

எங்களுக்கு வீடு பெரியநாயக்கன்பாளையம். என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே பெண். அவள் ஆறாவது படிக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருவது போல மாத்திரையில் அடங்குகிற வகை இல்லை, ஊசிதான். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஊசி போட வேண்டும், போட்டால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சரசரவென்று இறங்கி வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், அப்படியே விட்டால் நினைவு தப்பிவிடும். பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை அப்படி ஆகி நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து குளுக்கோஸ் பொட்டலம் இல்லாத பையோடு நான் வாசல்படி தாண்டியதே இல்லை.

பெண் தைரியசாலி. படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள், தனியாக பெங்களூரு வரைக்கும் வண்டி ஓட்டுவாள். ஆனால் கல்யாணப் பேச்சு என்று வந்தபோது அந்த ஊசி குறுக்கே வந்து நின்றது. இரண்டு இடம் கூடி வந்து கலைந்தது. ஒரு வீட்டார் எங்கள் வீட்டில் சிரித்த முகமாகக் காபி குடித்துவிட்டுப் போய், அப்புறம் தரகரிடம், "பாத்தா நல்லாத்தான் இருக்குது, உள்ளுக்குள்ள நோயை வெச்சிருக்கறாங்களே" என்று சொல்லி அனுப்பினார்கள். தரகர் அதை மென்று விழுங்கிச் சொல்லியிருக்கலாம். அப்படியே அவள் காதுபடச் சொல்லித் தொலைத்தார்.

இந்தச் சிங்காநல்லூர்ச் சம்பந்தம் வந்தபோது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஜாதகம் பொருந்தியதும் பையனோடு போனில் பேசிப் பார்த்து, எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாளாம். அவனுக்குச் சம்மதம். ஆனால் அவனைப் பெற்றவர்களிடம் அவன் சொல்லக் கூடாது, தானேதான் நேரில் சொல்வேன் என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள். எங்களிடமும் அதே கண்டிப்பு.

"இந்தத் தடவை ஊட்டுக்கு யாரும் வர வேண்டாம்மா. வெளியில பாப்போம். என் வாயால நானே சொல்றேன். அதுக்கும் ஒத்து வரலைன்னா, இதுக்கு மேல யார் முன்னாடியும் என்னை உக்கார வெக்காதீங்க."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே பார்த்து அந்த ரெஸ்டாரன்டில் மேஜை பிடித்தாள்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் சம்பிரதாயம் வந்து மூக்கை நுழைத்தது. சம்பந்தம் உறுதியாகாமல் அடுத்த தரப்பு வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதாவது சோறு சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கம் பழைய வழக்கம். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், அதோடு சரி. ரெஸ்டாரன்டுதானே, யார் வீடும் இல்லையே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அன்னூரில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணன் போன் செய்து அதில் மண்ணைப் போட்டார். யார் பில் கட்டினாலும் அது அந்த வீட்டுச் சோறுதான், பேச்சு முடியாமல் வாயில் வைக்காதீர்கள் என்று உத்தரவு. அண்ணன் சொன்னால் இவருக்கு வேதவாக்கு. "ஊட்டுலயே சாப்பிட்டுட்டுப் போயிரலாம். அங்க போயி சும்மா தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்துக்கலாம்" என்றார்.

அப்படியே நாங்கள் இரண்டு பேரும் பதினொன்றரை மணிக்கே சாம்பாரும் சோறும் சாப்பிட்டு முடித்தோம். மகள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க என்னமோ பண்ணுங்க, நான் அங்கதான் சாப்பிடுவேன்" என்றாள்.

கிளம்பும்போது பட்டுச் சேலைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஜரிகை வைத்த சின்னக் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவள் தோளில் ஊசியும் குளுக்கோஸும் வைத்த ஆபீஸ் பை தொங்கியது. சேலைக்கு மேல் அந்த மூட்டை எதற்கு, வண்டியிலேயே இருக்கட்டும், அதுதான் என் பை இருக்கிறதே என்று நானேதான் சொன்னேன். அவளும் நம்பி விட்டுவிட்டாள். என் பழைய பையில் இருந்த குளுக்கோஸ் பொட்டலம் வீட்டில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

போய்ச் சேர்ந்ததும் வண்டியிலேயே ஊசி போட்டுக்கொண்டு இறங்கினாள். உட்கார்ந்த உடனே ஆர்டர் சொல்லிவிடலாம், சாப்பாடு வருவதற்குள் விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்பது அவள் திட்டம்.

உள்ளே நுழைந்ததும் நாலைந்து பேர் ஒரே குரலில் ஜப்பான் மொழியில் ஏதோ வரவேற்புச் சொல்லிக் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் பதறிப்போய் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். மூங்கில் விளக்கு, பிடி இல்லாத குவளையில் சர்க்கரை போடாத பச்சைத் தேநீர், தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு குச்சி. மெனுவைப் பார்த்தால் ரசத்தில் நூடுல்ஸ், வெள்ளைப் பன்னுக்குள் பள்ளிபாளையம் சிக்கன், கல்சட்டியில் அரிசிபருப்பு சாதம், அதன் மேல் கொரியா ஊறுகாய். "குச்சியில தின்னா கை நனையாதல்லோ? அண்ணன் அதுக்கு ஒண்ணும் சொல்லலியே" என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்கையால் ஒரு இடி இடித்தேன்.

பையன் வீட்டார் மூன்று பேர். அப்பா மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அம்மா என் வயதுதான் இருப்பார், அதிகம் பேசாதவர், மடியில் பெரிய பை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மெனு படிக்கக் கண்ணாடி இல்லை. வண்டியில் விட்டுவிட்டார். வண்டியோ எங்கேயோ நாலு தெரு தள்ளி நின்றது. பையன் எடுத்து வரப் போனான்.

ஆண்கள் இரண்டு பேரும் பேச்சை ஆரம்பித்தார்கள். நீங்க என்ன கூட்டமுங்க, குலதெய்வம் எந்தக் கோயிலுங்க என்று குலம் கோத்திரம் விசாரிக்கத் தொடங்கி, அன்னூரில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு அத்தை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான், அந்த அத்தையின் தோட்டம், போர்வெல், தேங்காய் விலை என்று பேச்சு நீண்டது. பரிமாறுகிற பெண் வந்து வந்து நின்றாள். இவர் "அப்புறம் சொல்றமுங்க" என்றார். அடுத்த முறை பையனின் அப்பாவும் "மெதுவாச் சொல்றமுங்க, என்ன அவசரம்" என்றார். அவர்களும் ஆர்டர் கொடுக்கத் தயங்கியது எனக்கு அப்போதே விசித்திரமாகத்தான் பட்டது.

கல்யாணப் பெண் பெரியவர்களுக்கு முன்னால் வாயைத் திறந்து எனக்கு மட்டும் சோறு சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? இப்போது சொல்வார்கள், இதோ சொல்வார்கள் என்று காத்திருந்தாள். நானும் இந்தச் சம்பந்தம் அமைய வேண்டுமே என்ற வேண்டுதலில் கடிகாரத்தைப் பார்க்க மறந்தேன். தற்செயலாகத் திரும்பினேன். அத்தனை குளிர் ஏசியில் அவள் மேல் உதட்டில் முத்து முத்தாக வேர்வை.

மேஜைக்கு அடியில் கையைப் பிடித்தேன், நடுங்கியது. அவசரமாக என் பையைத் திறந்தேன். கைக்குட்டையும் செல்போனும் மட்டும் இருந்தன. அப்போதுதான் பீரோவுக்குள் இருந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. அவள் பையோ வெளியே வண்டியில் கிடந்தது.

அவள் எழுந்திருக்கப் பார்த்தபடி, பையனின் அம்மாவிடம் "அத்தை, நான் உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். நாக்கு குழறியது. எத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துத் தயார் செய்த பேச்சு அது! பாதியில் நின்று நாற்காலியில் சரிந்தாள். நான் வெட்கத்தை விட்டு, "சர்க்கரை இருந்தாக் கொண்டு வாங்க, சீக்கிரம்" என்று கத்தினேன். மேஜையில் சோயா சாஸ்தான் இருந்தது. பரிமாறுகிற பெண் சமையல் கட்டுக்கு ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் பையனின் அம்மா எழுந்து மேஜையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்துவிட்டார். தன் பெரிய பையைத் திறந்து, ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவை எடுத்தார். குழாயைக் குத்தினார். என் மகளின் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டு வாயில் வைத்தார்.

"மெதுவாக் குடி அம்மணி. புரை ஏறிரும். ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல."

அவர் பை திறந்தே கிடந்தது. உள்ளே இன்னொரு ஜூஸ் டப்பா, குளுக்கோஸ் பிஸ்கட், காகிதத்தில் மடித்த அச்சு வெல்லம். நான் அந்தப் பையையே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மகளின் கண் தெளிந்தது. கண்ணாடியோடு ஓடி வந்த பையன் வாசலிலேயே நிலைமையைப் புரிந்துகொண்டு வெளிறிப்போய் நின்றான். அந்த அம்மா அவனைக் காட்டி மெல்லச் சொன்னார்.

"இவன் போன மாசமே என்கிட்டச் சொல்லிப்போட்டான் கண்ணு. நீயே உன்ற வாயால சொல்லோணும்னு இருக்கறயாமா, அதனால தெரியாத மாதிரியே இரும்மான்னான். எதுக்கும் இருக்கட்டும்னு அன்னைக்கே இதெல்லாம் வாங்கிப் பையில போட்டுட்டேன். நீ எப்பச் சொல்லுவியோன்னு உன்ற மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ ஊசி போட்டுட்டு வந்திருப்பியோன்னு தோணாமப் போச்சே எனக்கு."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இன்னும் சொல்லவே இல்லையே அத்தை" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி.

"சொல்லு கண்ணு. கேக்கறேன்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் சொன்னாள். ஆறாம் வகுப்பில் வந்தது, தினமும் எத்தனை ஊசி, டாக்டர் குழந்தைப்பேறு பற்றிச் சொன்னது, கலைந்துபோன இரண்டு இடம், எல்லாவற்றையும். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவர் போல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மேஜை விரிப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

அவள் முடித்ததும் அந்த அம்மா பரிமாறுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "முதல்ல அந்த அரிசிபருப்புச் சோத்தக் கொண்டாம்மா, புள்ளைக்குப் பசிக்குது" என்றார். கல்சட்டி சீறிக்கொண்டு வந்தது. முதல் கரண்டியை என் மகளின் தட்டில் வைத்து, அவள் இரண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டிலும் போட்டுக்கொண்டார். குச்சிகளை ஓரமாகத் தள்ளினார். கையால் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்கினார். அவருடைய வீட்டுக்காரர் கண்ணை அகல விரித்தார்.

"நான் கை நனைச்சுட்டேனுங்க சம்பந்தி" என்றார் என்னைப் பார்த்து. "இனி நீங்க பேச்சு மாறக் கூடாது."

அவருடைய வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஏம் புள்ள, இதுக்குத்தான் ஊட்டுலயே அவ்வளவு சாப்பிட்டுட்டு வந்தமா?" என்றார். அவர்களும் எங்களைப் போலவே சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்! நாங்கள் சாம்பார், அவர்கள் தக்காளிச் சோறு. எல்லாரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வீட்டாரும் வயிறு முட்ட இரண்டாவது தடவை சாப்பிட்டோம். குச்சியை ஒருவரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் அங்கிருந்தபடியே அன்னூருக்குப் போன் போட்டு, "அண்ணா, அவங்க கை நனைச்சுட்டாங்க" என்றார்.

வாக்கை மீறிய பையனிடம் என் மகள் கொஞ்ச நாள் பொய்க்கோபம் காட்டினாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஏதாவது விசேஷத்தில் சம்பந்தியம்மாவைப் பார்க்கும்போது நாங்கள் இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி முதலில் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பாரம் இறங்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவள் எனக்கு ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பாரம், அதில் பாதியை அன்று ஒருத்தி நான் கேட்காமலே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் கை தானாகக் குவிகிறது.